பொரியாத முட்டைகள்: 1999இல் பெல்ஜியத்தின் கோழித் தீவனத்தில் நஞ்சு கலந்த கதை

முட்டையை இயந்திரத்தில் அடுக்கிய 21ஆம் நாள்தான் குஞ்சு பொரிப்பகத்தில் கணக்குப் பார்க்கும் நாள். தட்டை வெளியே இழுத்தால் எத்தனை குஞ்சு காலூன்றி நிற்கிறது, எத்தனை முட்டை அப்படியே கிடக்கிறது, எத்தனை குஞ்சு ஓட்டைக் கொத்தித் துளையிட்டும் வெளியே வர வலுவில்லாமல் உள்ளேயே செத்திருக்கிறது என்பதெல்லாம் ஒரே பார்வையில் தெரிந்துவிடும். 1999ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் சில பொரிப்பகங்களில் இந்தக் கணக்கு உதைக்கத் தொடங்கியது. முதலில், பொரிப்பதற்கான முட்டையைத் தரும் தாய்க்கோழிப் பண்ணைகளில் முட்டை குறைந்தது. அடுத்த சில வாரங்களில், வந்த முட்டையும் சரியாகப் பொரியவில்லை. பொரிந்த குஞ்சுகளில் பல தள்ளாடின, நரம்புக் கோளாறு கண்டவை போல நடந்துகொண்டன, வளராமல் செத்தன. உடலில் நீர் கோத்திருந்தது.

அந்த ஆண்டு ஜூன் மாதத்துக்குள் இரண்டு அமைச்சர்கள் பதவி விலகினார்கள், ஆளுங்கட்சி தேர்தலில் தோற்றது, பெல்ஜியத்தின் முட்டையையும் கோழியையும் பல நாடுகள் துறைமுகத்திலேயே நிறுத்தின. டையாக்சின் என்ற கொடிய வேதி நஞ்சின் பெயரால் 'டையாக்சின் நெருக்கடி' என்று வரலாற்றில் பதிவான இந்த நிகழ்வில் நஞ்சு எப்படிக் கலந்தது என்பதைப் பற்றி நிறையவே எழுதப்பட்டுவிட்டது. அது எப்படித் தெரியவந்தது என்பதைப் பற்றிய பேச்சு குறைவு. இந்தக் கட்டுரை பெரும்பாலும் அந்த இரண்டாவது கேள்வியைத்தான் பின்தொடர்கிறது.

முதலில் கொழுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோழித் தீவனம் என்றால் மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும் தவிடும் தாது உப்பும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் தீவன ஆலைகள் அதில் சிறு அளவு எண்ணெயோ விலங்குக் கொழுப்போ சேர்ப்பது உலகெங்கும் உள்ள வழக்கம். தானியத்தைப்போல இரண்டு மடங்குக்கு மேல் எரிசக்தி தருவது கொழுப்பு. அதோடு தீவனத்தில் தூசி பறப்பதைக் குறைக்கும், குருணையாக அழுத்தும்போது இயந்திரத்தில் வழுக்கிக்கொண்டு போக உதவும். நூறு கிலோவில் இரண்டு மூன்று கிலோதான் சேர்கிறது என்பதால், தீவனக்காரர் அதில் விலை குறைவானதைத் தேடுவது இயல்பு. அறவைக்கூடக் கழிவிலிருந்து உருக்கிய கொழுப்பு, எண்ணெய் ஆலைகளில் மிஞ்சும் கசடு, உணவகங்களிலும் வீடுகளிலும் வறுத்து முடித்த பழைய எண்ணெய் ஆகியவையெல்லாம் அக்காலத்தில் ஐரோப்பியத் தீவனச் சந்தைக்கு வந்துகொண்டிருந்தன.

பெல்ஜியத்தில் பழைய வறுவல் கொழுப்புக்குப் பஞ்சமே இல்லை. உருளைக்கிழங்கை நீளவாக்கில் நறுக்கி, ஒருமுறை மிதமான சூட்டிலும் ஆறவைத்து மறுமுறை நல்ல கொதியிலும் வறுப்பது அந்நாட்டின் அன்றாட உணவு. மரபான முறையில் அதற்கு மாட்டுக்கொழுப்பையே பயன்படுத்துவார்கள். ஆறினால் மெழுகுபோல் உறைந்துவிடும் அந்தக் கொழுப்பை வடிகாலில் ஊற்ற முடியாது. ஆகவே வீட்டுக்காரர்கள் அதை டப்பாவில் அடைத்து ஊராட்சியின் கழிவுச் சேகரிப்பு மையத்தில் கொண்டுபோய்ப் போடுவார்கள். அங்கிருந்து அதை வாங்கிச் செல்லும் நிறுவனங்கள் உருக்கி, வடிகட்டி, பிற கொழுப்புகளோடு கலந்து அக்காலத்தில் தீவன ஆலைகளுக்கு விற்றன. குப்பைக்குப் போக வேண்டியது கோழியின் வயிற்றுக்குப் போய்த் திரும்பவும் உணவாக வருவது, கேட்பதற்கு நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தத் தொட்டியில் யார் எதைக் கொண்டுவந்து ஊற்றுகிறார் என்று பார்ப்பதற்கு எவரும் இல்லை என்பது அந்த ஏற்பாட்டில் இருந்த ஓட்டை.

1999 ஜனவரியின் பிற்பாதியில் அந்த ஓட்டை வழியாக நுழைந்தது பி.சி.பி. கலந்த எண்ணெய். பாலிகுளோரினேட்டட் பைஃபீனைல் என்பதன் சுருக்கமான பி.சி.பி., தீப்பிடிக்காது, மின்சாரத்தைக் கடத்தாது, எத்தனை ஆண்டு ஆனாலும் கெடாது என்ற மூன்று குணங்களுக்காக 1930கள் தொட்டு மின்மாற்றிகளிலும் மின்தேக்கிகளிலும் நிரப்பப்பட்ட திரவம். கெடாது என்ற குணம்தான் பிற்பாடு பெருங்கேடாக முடிந்தது. மண்ணிலோ உடலிலோ போய்ச் சேர்ந்தால் அது சிதையாமல் கொழுப்பில் தங்கிவிடுகிறது. நீண்ட காலம் சூடேறிய பி.சி.பி. எண்ணெயில் ஃபியூரான்கள் என்ற, டையாக்சின் குடும்பத்தைச் சேர்ந்த இன்னும் கொடிய பொருள்கள் உருவாகிவிடுகின்றன. 1970களிலிருந்தே நாடுகள் ஒவ்வொன்றாக இதைத் தடைசெய்தன. எஞ்சிய பழைய மின்மாற்றிகளை 2010க்குள் அப்புறப்படுத்த வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 1996இல் ஆணையிட்டது. முறைப்படி அழிப்பதற்குத் தனி உலை வேண்டும், அதற்குக் கட்டணமும் அதிகம். ஆகவே 1999இல் ஐரோப்பாவின் ஏதோ ஒரு கொட்டகையில், கட்டணம் கட்டி அழிக்க வேண்டிய எண்ணெயை யாரோ ஒருவர் வைத்துக்கொண்டு, எங்கே தலைமுழுகலாம் என்று யோசித்துக்கொண்டிருந்திருப்பார் என்று ஊகிப்பதில் தவறில்லை.

அந்த எண்ணெய், மறுசுழற்சிக் கொழுப்பு வாங்கி விற்கும் ஒரு நிறுவனத்தின் வழியாக ஃபிளாண்டர்ஸில் உள்ள ஒரு கொழுப்பு உருக்கும் ஆலையின் தொட்டிக்கு வந்துசேர்ந்தது. அங்கிருந்து ஏறத்தாழ பத்துத் தீவன ஆலைகளுக்குக் கொழுப்பு போயிற்று. பிற்காலத்தில் ஆய்வாளர்கள் போட்ட கணக்கின்படி, சுமார் 50 கிலோ பி.சி.பி.யும் 1 கிராம் டையாக்சினும் கலந்த 500 டன் தீவனம் பண்ணைகளுக்கு விநியோகமாகியிருந்தது. பெரும்பகுதி பெல்ஜியத்துக்குள்ளும், கொஞ்சம் நெதர்லாந்து, பிரான்ஸ், ஜெர்மனி ஆகிய நாடுகளுக்கும் போயிருந்தது. ஒரு கிராம் என்பது மேசைக்கரண்டியின் அடியில் ஒட்டிக்கொள்ளும் உப்பின் அளவு. ஒரு நாட்டின் உணவுச் சந்தையை முடக்க அது போதுமானதாக இருந்தது.

இனி, பொரிப்பகத்தின் கணக்குக்குத் திரும்பலாம். தீவனத்தை முதலில் தின்றது தாய்க்கோழி. பார்வைக்குக் கோழிக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. முட்டையிடும் கோழி, தன் உடலில் சேரும் கொழுப்பில் ஒரு பகுதியைத் தினமும் மஞ்சள் கருவில் ஏற்றி வெளியே அனுப்புகிறது. கொழுப்போடு ஒட்டிக்கொண்டிருக்கும் நஞ்சும் அதனுடனேயே போய்விடுகிறது. மஞ்சள் கருவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கொழுப்புதான். அதை 21 நாளும் உறிஞ்சி வளர்கிற கருவுக்கோ அதுதான் முதன்மையான உணவு. தாய் கழித்தது பிள்ளைக்குச் சோறாகிறது. போதாக்குறைக்கு, டையாக்சினுக்கு மிக எளிதில் பலியாகும் உயிரினங்களில் கோழிக்கருவும் ஒன்று. குறிப்பாக அதன் இதயமும் ரத்த நாளங்களும் உருவாகும் நாள்களில் அந்த நஞ்சு வேலைசெய்கிறது. நாளங்கள் கசிந்து, தோலுக்கடியிலும் வயிற்றிலும் இதயத்தைப் பொதிந்திருக்கும் உறையிலும் நீர் சேர்வது அதனால்தான்.

காலதாமதம் எங்கிருந்து வந்தது என்பதும் இதிலேயே இருக்கிறது. ஒரு மஞ்சள் கரு கோழியின் உடலுக்குள் முற்றிப் பெருக்க ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை ஆகும். இட்ட முட்டையைப் பண்ணையில் சில நாள் சேர்த்துவைத்துத்தான் பொரிப்பகத்துக்கு அனுப்புவார்கள். அதன்பிறகு 21 நாள். ஆக ஜனவரி கடைசியில் கோழி தின்ற தீவனத்தின் முழு விளைவு பொரிப்பகத் தட்டில் தெரிய ஒரு மாதத்துக்கு மேலாகிவிடுகிறது. அதற்குள் அந்தத் தீவனம் தின்று தீர்க்கப்பட்டு, மூட்டைகள் மடித்து வைக்கப்பட்டு, தொட்டியில் வேறு கொழுப்பு நிரம்பியிருக்கும். நோய் தெரியும்போது நஞ்சு பண்ணையிலேயே இல்லை. கால்நடை மருத்துவரை அழைத்துவந்து இன்றைய தீவனத்தைச் சோதித்தால் அது சுத்தமாகவே இருக்கும்.

இங்கே ஒன்றை நின்று கவனிக்க வேண்டும். நச்சுத் தீவனம் தாய்க்கோழிகளுக்கு மட்டும் போகவில்லை. கறிக்கோழிப் பண்ணைகளுக்கும் முட்டைக்கோழிப் பண்ணைகளுக்கும் போயிற்று, பன்றிப் பண்ணைகளுக்கும் போயிற்று, குறைந்த அளவில் மாட்டுப் பண்ணைகளுக்கும் போயிற்று. அங்கிருந்தெல்லாம் இவ்வளவு தெளிவான முறையீடு எழவில்லை. கறிக்கோழி ஆறேழு வாரத்தில் அறுப்புக்குப் போய்விடுகிறது. கொஞ்சம் எடை குறைந்தாலும் குளிர்காலம், நோய், தீவனத் தரம் என்று ஏதாவது ஒன்றைச் சொல்லிவிட்டுக் கடந்துபோவார்கள். பன்றியின் பருத்த உடலில் அதே நஞ்சு அதிகக் கொழுப்பில் பரவி நீர்த்துவிடுகிறது. கடைக்குப் போகும் முட்டையை யாரும் அடைகாப்பதில்லை, ஆகவே அதற்குள் இருக்கும் உயிரின் நிலையும் யாருக்கும் தெரிவதில்லை. தாய்க்கோழிப் பண்ணையில் மட்டும்தான் ஒவ்வொரு முட்டைக்கும் 'பொரிந்ததா, இல்லையா' என்று பதிவேட்டில் எழுதுகிறார்கள். நூற்றுக்கு எண்பதுக்கு மேல் பொரிய வேண்டியது குறைந்தால் அது அன்றே பணமாகத் தெரிகிறது. என் பார்வையில் பெல்ஜிய விவகாரத்தின் மையம் இதுதான்: அந்தக் கொழுப்புச் சரக்கு தாய்க்கோழித் தீவனத்தைத் தொடாமல், கறிக்கோழிக்கும் பன்றிக்கும் மட்டும் போயிருந்தால், 1999இல் அப்படியொரு நெருக்கடி நடந்திருக்காது. நஞ்சை ஒரு கோடிப் பேர் தின்றிருப்பார்கள், அது எவருக்கும் தெரிந்திருக்காது.

தெரியவந்த விதமும் வணிகக் கணக்கின் வழியாகவே நடந்தது. பாதிக்கப்பட்ட பண்ணைக்காரர்கள் தீவன ஆலையிடம் இழப்பீடு கேட்டார்கள். தீவன ஆலை தன் காப்பீட்டு நிறுவனத்திடம் போயிற்று. காப்பீட்டு நிறுவனம் ஒரு கால்நடை மருத்துவரை மதிப்பீட்டாளராக அனுப்பியது. அந்த மருத்துவரே அரசின் ஆய்வாளராகவும் பணியாற்றி வந்தார் என்பது பிற்பாடு பெரிய சர்ச்சையானது. இரட்டை வேடம் என்று அதைக் கண்டித்தவர்கள் உண்டு. ஆயினும், வழக்கமான சோதனைகளில் எதுவும் சிக்காதபோது, செத்த குஞ்சுகளின் உடலில் நீர் கோத்திருந்ததை வைத்து நாற்பதாண்டுக்கு முந்தைய ஒரு நோயோடு இது பொருந்துகிறதே என்ற ஐயம் எழுந்ததால்தான் மாதிரிகள் நெதர்லாந்தின் ஆய்வகத்துக்கு டையாக்சின் சோதனைக்குப் போயின. ஏப்ரல் இறுதியில் முடிவு வந்தது. தீவனத்திலும் கோழியின் கொழுப்பிலும் ஒரு கிராம் கொழுப்புக்குப் பல நூறு பிக்கோகிராம் டையாக்சின் இருந்தது (ஒரு பிக்கோகிராம் என்பது ஒரு கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு). முட்டையின் கொழுப்பில் 3 பிக்கோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2001இல் வரம்பு விதித்தது என்பதை வைத்து அந்த அளவைப் புரிந்துகொள்ளலாம்.

அந்த நாற்பதாண்டுப் பழைய நோய் 1957இல் அமெரிக்காவில் கண்டது. கிழக்கு, மத்திய மேற்கு மாநிலங்களில் லட்சக்கணக்கான கறிக்கோழிக் குஞ்சுகள், இதயத்தைச் சுற்றி நீர் கோத்துக்கொண்டு செத்தன. 'குஞ்சு வீக்க நோய்' என்று அதற்குப் பெயரிட்டார்கள். காரணம் தீவனத்தில் சேர்த்த கொழுப்பில் இருக்கிறது என்பது விரைவிலேயே தெரிந்துவிட்டது. ஆனால் கொழுப்புக்குள் இருக்கும் பொருள் எது என்பதைப் பிரித்தெடுத்து, அது ஒரு டையாக்சின் வகை என்று நிறுவ 1960களின் இறுதி ஆயிற்று. தோல்களைப் பதப்படுத்தும் இடத்தில் பெண்டாகுளோரோஃபீனால் என்ற பூஞ்சைக்கொல்லி பட்ட கொழுப்பு தீவனத்துக்கு வந்திருந்தது. இடைப்பட்ட காலத்தில் ஒரு கொழுப்பு தீவனத்துக்கு ஏற்றதா என்று அறிய ஒரே வழியாக இருந்தது, அதைக் குஞ்சுகளுக்கே கொடுத்துப் பார்த்து, மூன்று வாரம் கழித்து அறுத்து, இதய உறையில் நீர் இருக்கிறதா என்று அளப்பது. கருவி செய்ய முடியாத வேலையைக் குஞ்சு செய்தது.

அடுத்த நிகழ்வு இன்னும் துயரமானது. 1968 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் மேற்கு ஜப்பானில் லட்சக்கணக்கான கோழிகள் செத்தன. தீவனத்தில் சேர்த்த 'கறுப்பு எண்ணெய்' என்ற பொருள்தான் காரணம் என்று வேளாண்துறை அதிகாரிகள் சில வாரங்களிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். அந்தக் கறுப்பு எண்ணெய், கனேமி என்ற ஆலையில் தவிட்டு எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது மிஞ்சிய உபபொருள். சுத்திகரித்த தவிட்டு எண்ணெய் மனிதர்கள் சமைப்பதற்காகக் கடையில் விற்றுக்கொண்டிருந்தது. ஒரே குழாய், ஒரே தொட்டி; எண்ணெயின் வாடையை நீக்கச் சூடேற்றும் குழாய்க்குள் ஓடிய பி.சி.பி. கசிந்து இரண்டிலும் கலந்திருந்தது. தீவனத்தை ஆராய்ந்தவர்கள் வேளாண்துறையினர்; சமையல் எண்ணெய் அவர்கள் பொறுப்பில் இல்லை. கோழிகள் செத்தது பிப்ரவரியில். முகத்திலும் உடலிலும் கருங்கட்டிகள் எழுந்து, நகம் கறுத்து, கண்ணிமையில் சீழ் வடிந்த மனிதர்களின் நோய்க்குப் பெயர் கிடைத்தது அக்டோபரில். யூஷோ, அதாவது எண்ணெய் நோய் என்று அழைக்கப்பட்ட அதனால் ஏறத்தாழ ஈராயிரம் பேர் பாதிக்கப்பட்டதாகப் பின்னர் அரசு ஏற்றுக்கொண்டது. இடைப்பட்ட எட்டு மாதமும் அந்த எண்ணெயில்தான் பல வீடுகளில் சமையல் நடந்தது.

பெல்ஜியத்திலும் இந்த வேளாண்மை, சுகாதாரம் என்ற பாத்தி பிரிப்பு குறுக்கே நின்றது. ஏப்ரல் இறுதியிலேயே ஆய்வக முடிவு அமைச்சகத்துக்குத் தெரியும். எந்தப் பண்ணைகளுக்குத் தீவனம் போயிற்று என்று பட்டியல் எடுக்க முயன்றார்கள், சில பண்ணைகளை மூடினார்கள்; மேலும் மாதிரிகளை அனுப்பி உறுதிசெய்துகொள்ளக் காத்திருந்தார்கள். மக்களுக்கு மட்டும் சொல்லவில்லை. மே 27ஆம் தேதி வி.டி.எம். தொலைக்காட்சி செய்தியை உடைத்தது. மறுநாள் முதல் கோழியும் முட்டையும் கடைகளிலிருந்து இறக்கப்பட்டன. அதைத் தொடர்ந்து முட்டை சேர்ந்த மயோனைஸ், கேக், பிஸ்கட் என்று பட்டியல் நீண்டது. ஜூன் 1ஆம் தேதி வேளாண் அமைச்சர் காரெல் பின்க்ஸ்டனும் சுகாதார அமைச்சர் மார்செல் கோலாவும் பதவி விலகினார்கள். ஜூன் 13ஆம் தேதி, முன்பே குறிக்கப்பட்டிருந்த பொதுத்தேர்தல் நடந்தது. ஆட்சியில் ஏறத்தாழ நாற்பதாண்டுகள் இடைவிடாது இருந்த கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி தோற்று, பிரதமர் ஜான்-லுக் டெஹானே விலகினார். கீ வெர்ஹோஃப்ஸ்டாட் பிரதமரானார். பசுமைக் கட்சியினர் முதன்முறையாக மத்திய அரசில் இடம்பெற்று, சுகாதாரத் துறையையும் பெற்றார்கள். ஒரு அரசு கவிழ்வதற்குப் பல காரணங்கள் இருக்கும் என்றாலும், வாக்குச்சாவடிக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் அன்று காலை முட்டை சாப்பிடாமல் வந்தவர்கள் என்பதை மறக்க முடியாது.

அந்த ஒரு மாதத் தாமதத்தை வெறும் மூடிமறைப்பு என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. ஆனால் ஆவணங்களில் தெரிகிற நடத்தை வேறு மாதிரியானது. விவகாரம் தொடக்கத்திலிருந்தே ஒரு இழப்பீட்டுத் தகராறாகவும், பிறகு ஒரு தீவனத் தரப் பிரச்சினையாகவும் கோப்பில் ஏறியிருந்தது. கோப்பின் தலைப்பு எதுவோ அதற்கேற்ற வேகத்தில்தான் அது நகரும். குஞ்சு சாவதற்குக் காரணமான பொருள், அதே தீவனத்தைத் தின்ற முட்டைக்கோழி வழியாகக் காலை உணவுத் தட்டுக்கு வந்துவிட்டது என்ற ஒரு வரியை எழுதுவதற்குக் கோப்பில் இடமில்லாமல் இருந்தது. ஐரோப்பிய ஆணையம், தனக்கு உடனே சொல்லாத குற்றத்துக்காக பெல்ஜியத்தின் மீது நடவடிக்கை தொடங்கியது. நாடாளுமன்றமும் விசாரணைக் குழு அமைத்தது.

நெருக்கடி வெளிப்பட்ட பிறகு இன்னொரு சிக்கல் எழுந்தது. டையாக்சினைப் பிக்கோகிராம் அளவில் அளக்க வேண்டும். அந்தச் சோதனைக்கு அன்று ஐரோப்பாவில் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆய்வகங்களே இருந்தன. ஒரு மாதிரிக்கு நாள்கணக்கில் ஆகும், செலவும் கூடுதல். சந்தேகப் பட்டியலில் இருந்ததோ ஆயிரத்துக்கும் மேற்பட்ட பண்ணைகள். இந்த நெருக்கடியில் அறிவியலாளர்கள் கண்ட வழி புத்திசாலித்தனமானது. டையாக்சினும் ஃபியூரானும் வந்தது பி.சி.பி. எண்ணெயிலிருந்து என்றால், அவற்றுக்கும் பி.சி.பி.க்கும் உள்ள விகிதம் எல்லா மாதிரியிலும் ஒன்றாகவே இருக்க வேண்டும். பி.சி.பி.யோ டையாக்சினைவிடப் பல்லாயிரம் மடங்கு அதிகமாக இருப்பதால் சாதாரணக் கருவியிலேயே ஒரு நாளில் சிக்கிவிடும். ஆகவே பி.சி.பி. வகைகளில் அடையாளத்துக்கென்று தேர்ந்த ஏழை மட்டும் அளந்து, ஒரு கிராம் கொழுப்பில் அவை 200 நானோகிராமுக்கு (ஒரு நானோகிராம் என்பது ஆயிரம் பிக்கோகிராம்) மேல் இருந்தால் அந்தச் சரக்கைச் சந்தைக்கு விடக்கூடாது என்று வரம்பு வகுத்தார்கள். ஆயிரக்கணக்கான மாதிரிகள் இப்படித்தான் பார்க்கப்பட்டன. பி.சி.பி.களின் கலவை விகிதம் ஒரு கைரேகை போல வேலைசெய்து, அது மின்மாற்றிகளில் பயன்பட்ட வணிகக் கலவைதான் என்பதையும் காட்டிக்கொடுத்தது. லட்சக்கணக்கான கோழிகளும் பல்லாயிரம் பன்றிகளும் அழிக்கப்பட்டன; அவற்றில் பெரும்பகுதி நச்சுத் தீவனத்தைத் தொட்டுக்கூடப் பார்க்காதவையாக இருந்திருக்கும்.

மனிதர்களுக்கு என்ன ஆயிற்று என்பதில் அறிவியலாளர்களிடையே கடும் வாதம் நடந்தது. பி.சி.பி. அளவைக் கொண்டு கணக்கிட்ட ஓர் ஆய்வு, இதனால் கூடுதலாக 40 முதல் 8,000 வரை புற்றுநோய்கள் வரலாம் என்று மதிப்பிட்டது. இவ்வளவு அகன்ற இடைவெளியுள்ள எண், தன் பலவீனத்தைத் தானே ஒப்புக்கொள்ளும் எண். மறுதரப்பினர், ஒரு கோடி மக்களிடையே பரவிய அந்த நஞ்சு ஒவ்வொருவர் உடலிலும் ஏற்கெனவே இருந்த டையாக்சினைச் சிறிதளவே கூட்டியிருக்கும் என்றும், 1980களில் ஐரோப்பியர்கள் அதைவிட அதிகம் சுமந்துகொண்டிருந்தார்கள் என்றும் வாதிட்டார்கள். நிகழ்வுக்கு முன்னும் பின்னும் எடுத்துவைத்திருந்த ரத்த மாதிரிகளை ஒப்பிட்ட பிற்கால ஆய்வு, குறிப்பிடத்தக்க உயர்வைக் காணவில்லை. நஞ்சேறிய முட்டையைத் தன் பண்ணையிலிருந்தே தினமும் எடுத்துச் சாப்பிட்ட குடும்பங்களுக்கு இந்தச் சராசரி பொருந்தாது என்பதை மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தமிழ்நாட்டுக் கோழிப்பண்ணைக்காரருக்குத் தீவன நஞ்சு என்றவுடன் டையாக்சின் நினைவுக்கு வராது; பூஞ்சணம் உண்டாக்கும் அஃப்ளடாக்சின்தான் வரும். நாமக்கல் பக்கம் மக்காச்சோள லோடு வந்து இறங்கினால், மூட்டைக்குள் கையை விட்டு ஈரம் பார்ப்பதும், ஒரு பிடி அள்ளி முகர்ந்து பூஞ்சணத்தின் மக்கிய வாடை அடிக்கிறதா என்று பார்ப்பதும், சந்தேகம் வந்தால் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்புவதும், நஞ்சைப் பிணைத்து முடக்கும் டாக்சின் பைண்டர் கலப்பதும் பழகிப்போன வேலைகள். அந்த நஞ்சையும் உலகுக்கு அறிமுகம் செய்தது பறவைதான். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் இனந்தெரியாத நோயில் செத்தபோது, பிரேசிலிலிருந்து இறக்குமதியான கடலைப் புண்ணாக்கில் வளர்ந்த ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூஞ்சணம் பிடிபட்டது. அதன் பெயரிலிருந்தே அஃப்ளடாக்சின் என்ற சொல் பிறந்தது. மனிதர்களின் ஈரல் புற்றுநோய்க்கு அது காரணமாகிறது என்பதெல்லாம் பின்னால் தெரிந்த செய்தி. பூஞ்சண நஞ்சைப் பொறுத்தவரை கண்ணும் மூக்கும் ஓரளவுக்காவது துணைக்கு வரும். பி.சி.பி. கலந்த கொழுப்பு பார்க்கவும் முகரவும் சாதாரணக் கொழுப்பாகவே இருக்கும். ஐம்பதாண்டு அனுபவமுள்ள தீவனக்காரர் கையிலும் அது கொழுப்பாகவேதான் வழுக்கும்.

பெல்ஜியம் 2000 பிப்ரவரியில் சட்டம் இயற்றி, வேளாண்மைக்கும் சுகாதாரத்துக்கும் இடையே சிதறிக்கிடந்த ஆய்வுப் பணிகளை ஒரே உணவுப் பாதுகாப்பு முகமையின் கீழ் கொண்டுவந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2002இல் பொது உணவுச் சட்டத்தை நிறைவேற்றியது. தீவனம் உட்பட எந்த உணவுப்பொருளை விற்பவரும் அதை யாரிடம் வாங்கினார், யாருக்கு விற்றார் என்பதை உடனே காட்டக்கூடியவராக இருக்க வேண்டும் என்பது அதன் முக்கியமான விதி. உணவகங்களில் வறுத்த பழைய எண்ணெயைத் தீவனத்தில் சேர்ப்பது அதே ஆண்டின் இன்னொரு சட்டத்தால் விலக்கப்பட்டு, சில ஆண்டு அவகாசத்துக்குப்பின் முற்றிலும் நின்றது.

தீவனத்துக்குப் போக முடியாத அந்தப் பழைய எண்ணெய் எங்கே போயிற்று என்றால், பயோடீசல் ஆலைக்குப் போயிற்று. அதுவும் நல்ல ஏற்பாடுதான். ஆனால் பயோடீசல் தயாரிக்கும்போது கொழுப்பு அமிலங்கள் மிஞ்சுகின்றன. காகிதம் போன்ற தொழில்களுக்கு விற்கப்படும் அவை பார்வைக்குத் தீவனக் கொழுப்பு போலவே இருக்கும், விலையோ குறைவு. 2010 டிசம்பரில் ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலத்தில், தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கான இத்தகைய கொழுப்பு அமிலத்தை ஒரு நிறுவனம் தீவனக் கொழுப்பில் கலந்து விற்றிருந்தது அம்பலமானது. ஏறத்தாழ 3,000 டன் கொழுப்பு 25 தீவன ஆலைகளுக்குப் போயிருந்தது. ஜனவரித் தொடக்கத்தில் 4,700க்கும் மேற்பட்ட பண்ணைகள் விற்பனையை நிறுத்த வேண்டியதாயிற்று. பெல்ஜியத்தோடு ஒப்பிட்டால் நஞ்சின் அளவு மிகக் குறைவு. எந்தப் பொரிப்பகத்திலும் கணக்கு உதைக்கவில்லை. காட்டிக்கொடுத்தது ஆய்வகத் தாள் மட்டுமே.

அந்தத் தாளும் புதிதல்ல என்பது சில நாள்களில் தெரிந்தது. மாநில அரசு வெளியிட்ட தகவலின்படி, வரம்பைத் தாண்டிய டையாக்சினை ஒரு தனியார் ஆய்வகம் 2010 மார்ச் மாதமே அந்நிறுவனத்தின் மாதிரியில் கண்டிருந்தது. முடிவு சோதனைக்குப் பணம் கட்டிய வாடிக்கையாளரிடம் போனது, அதிகாரிகளிடம் வரவில்லை. ஒன்பது மாதம் கொழுப்பு விற்றுக்கொண்டே இருந்தது. 2012இல் ஐரோப்பிய ஒன்றியம் கொண்டுவந்த விதி, தீவனக் கொழுப்பையும் தொழிற்சாலைக் கொழுப்பையும் தனித்தனியே வைக்கவும் சந்தைக்கு விடும் முன் டையாக்சின் சோதனை செய்யவும் கட்டளையிட்டதோடு, வரம்பு மீறிய முடிவை வாடிக்கையாளருக்கு மட்டும் அனுப்பிவிட்டு ஆய்வகம் ஒதுங்கிவிடக் கூடாது, அதிகாரிகளுக்கும் தெரிவித்தாக வேண்டும் என்றும் சொன்னது.